உள்ளே ஒரு ஆள் வேணும்

“என்ற தங்கச்சிக்கு நீங்கதானுங்கம்மா புத்தி சொல்லோணும்” என்றார் நாச்சிமுத்து.

மடத்து அம்மா மயிலாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“என்னன்னு சொல்லோணும்?”

“ஊட்டுக்குப் போகச் சொல்லுங்க. அவளோட ஒரு கிட்னிய எனக்குக் குடுக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாளுங்க.”

“உங்களுக்கு வேணும்தானுங்களே?”

“வேணுமுங்க.”

“அவளுக்கு ரெண்டும் நல்லா இருக்குதா?”

“இருக்குதுங்க. டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சுது. எனக்குப் பொருந்துமுன்னும் சொல்லிட்டாங்க.”

“அப்ப யாருக்குப் புத்தி சொல்லோணும்?”



நாச்சிமுத்துவுக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய் வருஷக்கணக்காகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் படுக்கிறார். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே வருகிறது. இனி மெஷினை நம்பிக் காலம் தள்ள முடியாது, இருதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று மத்தியானம் மெஷினுக்கு வரும்போது ஆமாவா இல்லையா என்று முடிவாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

“நான் யாருக்கும் கடன்பட்டதில்லீங்கம்மா. அப்படியே போய்ச் சேந்துரோணும். அதுக்கு மட்டும் ஆசீர்வாதம் பண்ணுங்க.”

மயிலாத்தாள் கீரைத்தண்டை ஒடித்தார். பிறகு பக்கத்திலிருந்த செம்பிலிருந்து ஒரு டம்ளர் மோர் ஊற்றி நீட்டினார்.

“இருக்கட்டுங்க. நான் கொண்டாந்திருக்கேன்.”

டம்ளர் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அம்மாவே குடித்துவிட்டார்.

நாச்சிமுத்து நல்ல மனுசர். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சங்கடமே அதில்தான்.

காங்கேயம் பக்கத்தில், ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது அம்மாவின் மடம். மடத்துக்கு ஓடு மாற்றிக் கொடுத்தது நாச்சிமுத்து. போர்வெல்லுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தது நாச்சிமுத்து. அன்னதானத்துக்கு அண்டா வாங்கிப் போட்டது நாச்சிமுத்து. எதிலும் பேர் பொறிக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். புகழைக்கூட ஓசியில் வாங்க மாட்டார்.

அந்த அண்டாவில் வெந்த சோற்றில் ஒரு பிடி அவர் தின்றதில்லை. வரும்போதே தன் தட்டு, தன் தண்ணீர் கேன், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு வருவார். பத்தியச் சாப்பாடுங்க, டாக்டர் சொல்லியிருக்காரு என்பார். சீக்கு வருவதற்கு முன்னாலும் அப்படித்தான். அப்போது வேறு காரணம் இருந்தது.

மயிலாத்தாளுக்கு அவரைவிட வயது நன்றாகக் குறைவு. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் பதிலுக்கு அம்மா என்பார். பத்து வார்த்தை கேட்டால் அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை வரும். அதற்காகவே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

“அவ எங்க இப்ப?” என்றார் மயிலாத்தாள்.

“வாசல்ல நிக்கறா. விடிஞ்சதும் பஸ் ஏறி வந்துட்டாளுங்க. நான் இங்க இருக்கறது எப்படித் தெரிஞ்சுதோ.”

“உள்ள கூப்பிடுங்க.”

பூவாத்தாள் வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகை ஒன்றுமில்லை, பஸ் புழுதிதான்.

“உட்காரு கண்ணு. உங்கண்ணன் வேண்டாங்கறாரு. நீ எதுக்குக் குடுக்கறேங்கறே?”

“எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது இவருதானுங்கம்மா. ஊடு கட்டிக் குடுத்தாரு. பையனப் படிக்க வெச்சாரு. எல்லாம் வாங்கிக்கிட்டேன். வாங்கறப்பெல்லாம் தலை குனிஞ்சுதான் வாங்கினேன். இவரு என்ற ஊட்டுக்கு வந்தா ஒரு வா காப்பி குடிக்க மாட்டாரு. இப்பத்தான் குடிச்சேங்கறாரு. எங்கண்ணா குடிச்சீங்கன்னா, கார்லங்கறாரு.”

“பாத்தீங்களாம்மா? குடுத்ததுக்குப் பதில் செய்யப் பாக்கறா” என்றார் நாச்சிமுத்து.

“பதிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு உங்க மேல கோவம். அந்தக் கோவத்துலதான் குடுக்கறேன்” என்றாள் பூவாத்தாள். “வாங்கறது எத்தன கஷ்டம்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அது தெரியாமயே போயிரலாம்னு பாக்கறீங்க. நீங்க போயிட்டா நான் யாருகிட்டண்ணா கோவிச்சுக்கறது?”

நாச்சிமுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று.

மயிலாத்தாள் கீரை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

“மெஷினுக்கு நேரமாகலீங்களா? கெளம்புங்க.”

“நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே.”

“கெளம்புங்கன்னு சொன்னேனுங்களே.”

கார் வாசலில் நின்றது. புது வண்டி. நாச்சிமுத்து சாவியைப் போட்டுத் திருப்பினார்.

பல்லி உச்சுக் கொட்டுவது போல டக் டக் டக் என்றது. அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினார். மறுபடியும் பல்லி.

நடந்தது இதுதான். முந்தின நாள் ராத்திரி மடத்தில் படுக்கப் பாய் கொடுத்தார்கள். இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டுக் காரிலேயே படுத்துக்கொண்டார். கொசுவுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றினார். புழுக்கத்துக்கு ஃபேனைப் போட்டார். மடத்துக் கரண்ட் வேண்டாம் என்று போனைக் காரிலேயே சார்ஜ் போட்டார். மாத்திரை எடுக்கப் போட்ட லைட்டை அணைக்க மறந்தார். மடத்துக்கு மோட்டார் வாங்கிக் கொடுத்த மனுசர், அந்த மடத்தின் ஒரு சொட்டுக் கரண்டுக்கு ஆசைப்படாமல், விடிய விடியத் தன் பேட்டரியையே உறிஞ்சிக் குடித்திருக்கிறார்.

மடத்தில் சமையல் பார்க்கும் சென்னியப்பன் வந்து எட்டிப் பார்த்தார். அவரும் வயசாளிதான்.

“மெக்கானிக்குக்குப் போன் போட்டேனுங்க. மத்தியானத்துக்கு மேலதான் வருவானாம். முகூர்த்த நாளு, வாடகைக் காரும் கெடைக்கலீங்க.”

“பஸ்ஸு?” என்றாள் பூவாத்தாள்.

“நீ வந்தியே, அதுதான். இனி பொழுது சாயத்தான் வரும்.”

மடத்தில் வேறு வண்டி கிடையாது. சென்னியப்பனின் சைக்கிள் ஒன்று சாய்ந்து நின்றது. அதை எல்லோரும் ஒருமுறை பார்த்தார்கள். 

“தள்ளி எடுக்கலாமுங்களா?” என்றார் மயிலாத்தாள்.

“கியர் வண்டிதானுங்க, தள்ளலாம். ஆனா பழைய வண்டியாட்டம் இல்லீங்கம்மா. இது உள்ள பூரா கம்ப்யூட்டரு. பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் வேணும். பேட்டரி சுத்தமா செத்திருந்தா ஊரே கூடித் தள்ளினாலும் எடுக்காது.”

“சுத்தமா செத்துருச்சுங்களா?”

நாச்சிமுத்து சாவியைப் பாதி திருப்பினார். எதிரே இருந்த சின்ன விளக்குகள் மங்கலாக எரிந்தன.

“கொஞ்சம் இருக்குதுங்க.”

“கொஞ்சம் இருக்கறப்பவே தள்ளிப் பாத்துரோணும்.”

“ஆமாங்க. அதுவும் போயிட்டா அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு, எப்படித் தள்ளுவது என்று விளக்கினார். அதில் அவருக்கு உற்சாகம்தான். அடுத்தவர் வண்டியை எத்தனையோ தடவை தள்ளிவிட்டிருக்கிறார். மழையில் நின்ற வண்டி, கல்யாணத்துக்குப் போகிற வண்டி, யாரென்றே தெரியாதவன் வண்டி. தள்ளிவிட்டு, நன்றி என்று அவர்கள் வாயெடுப்பதற்குள் நடந்துவிடுவார்.

“உள்ள இருக்கறவன் சாவியத் திருப்பி வெச்சு, கிளட்ச்ச மிதிச்சு, ரெண்டாவது கியரப் போட்டுக்கோணும். பின்னால இருக்கறவங்க தள்ளோணும். நல்ல வேகம் வந்ததும் கிளட்ச்ச டக்குனு விடோணும். அப்ப வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், நீங்க கையை எடுத்துரோணும். உசிரு புடிச்சுட்டா உள்ள இருக்கறவன் மறுபடி கிளட்ச்ச மிதிச்சுக்குவான். சென்னியப்பா, நீ உள்ள உக்காரு. நான் பின்னால வாறேன்.”

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்களே.”

“பூவா?”

“எனக்கு எப்பண்ணா சொல்லிக் குடுத்தீங்க?”

நாச்சிமுத்து அம்மாவைப் பார்த்தார். மயிலாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரின் பின்னால் போய் நின்றுவிட்டார்.

வேறு வழியில்லை. அவர் உள்ளே உட்கார்ந்தார்.

மடத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவே நேரான மண்பாதை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

தள்ளினார்கள். கார் மனசில்லாமல் நகர்ந்தது.

நாச்சிமுத்துவுக்கு எதிரே பாதை தெரிந்தது. மேலே கண்ணாடியில் பின்பக்கம் தெரிந்தது. பாதையைப் பார்க்க வேண்டியவர் கண்ணாடியைப் பார்த்தார்.

சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அம்மா, அவர் காலில் விழுந்து கும்பிடுகிற அம்மா, குனிந்து முதுகை வளைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பூவாத்தாள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு மண்ணை உந்திக்கொண்டிருந்தாள்.

அவர் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. இறங்கினார்.

“என்னாச்சுங்க?”

“உள்ள உக்காந்துட்டு இருக்க முடியலீங்கம்மா. கூசுது.”

“கூசட்டுமே.”

“இல்லீங்க. நானும் தள்றேன். இந்தக் கதவத் தொறந்துவெச்சு, ஒரு கையில ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டே தள்ளலாம். வேகம் வந்ததும் உள்ள ஏறிக்கறேன்.”

“மெஷின் ஊசி போடற கைண்ணா அது. பாரம் ஏத்தக் கூடாதுன்னாங்க” என்றாள் பூவாத்தாள்.

அவர் காதில் வாங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தோளை முட்டுக் கொடுத்துத் தள்ளினார். நாலு பேர் பலம். கார் சுறுக்காகவே ஓடியது. நாச்சிமுத்துவின் முகத்தில் அன்று முதன்முறையாக ஒரு தெளிச்சி வந்தது. இது அவருக்குப் பழகின இடம்.

பிறகு ஏறப் போனார்.

ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் கால் வரவில்லை. மூச்சு முட்டியது. என்ஜின் ஓடாத வண்டியில் ஸ்டியரிங் கல்லாக இறுகிக் கிடந்தது. கை தளர்ந்தது, அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆளில்லாத கார் கொஞ்ச தூரம் தன்பாட்டுக்குப் போய், வேலியோரப் புழுதியில் புதைந்து நின்றது.

பூவாத்தாள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். அடி ஒன்றும் இல்லை. 

மயிலாத்தாள் காரைச் சுட்டிக் காட்டினார்.

“இப்ப வண்டிக்குள்ள யாருங்க இருக்கறது?”

“யாரும் இல்லீங்க.”

“தள்றதுக்கு?”

“எல்லாரும் தள்ளினோமுங்க.”

“பின்ன எப்படிங்க எடுக்கும்?”

நாச்சிமுத்து எழுந்து வேட்டியைத் தட்டினார். போய் உள்ளே உட்கார்ந்தார். மூன்று பேரும் காரைப் புழுதியிலிருந்து கிளப்பிப் பாதைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கே அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

மறுபடி தள்ளினார்கள்.

இந்தத் தடவை அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆனால் காதை என்ன செய்வது? சென்னியப்பனின் மூச்சிழுப்பு கேட்டது. பூவாத்தாள் முருகா முருகா என்று முனகுவது கேட்டது. பாவம், போதும், இதற்கு மேல் அவர்களை வாட்டக் கூடாது என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

கிளட்ச்சை விட்டார்.

கார் முட்டுச்சுவரில் மோதியது போல நின்றது. பின்னால் தொம்மென்று ஒரு சத்தம்.

இறங்கி ஓடினார். பூவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. டிக்கியில் இடித்திருக்கிறது.

“வேண்டாம் பூவா. விட்டுருங்க எல்லாரும். மெஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்காக இப்படி ரத்தம் சிந்தி...”

 பூவாத்தாள் முந்தானையால் உதட்டை ஒற்றினாள். அவரைப் பார்க்கவில்லை.

“வேகம் வந்திருச்சுங்களா?” என்று கேட்டார் மயிலாத்தாள். அவருக்கும் மூச்சு வாங்கியது.

“இல்லீங்க.”

“பின்ன ஏன் விட்டீங்க?”

“பாவமா இருந்துச்சுங்க. அவங்களுக்குப் போதும்னு பட்டுச்சு.”

“அவங்க போதும்னாங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப யாரு பட்ட பாடு வீணாப் போச்சு?”

நாச்சிமுத்து தங்கையின் உதட்டைப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. வீங்க ஆரம்பித்திருந்தது. அவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். வலியில் அல்ல என்பது அவருக்குத் தெரிந்தது.

“பூவா.”

“உள்ள போய் உக்காருங்கண்ணா” என்றாள். “ஒருக்காவாச்சும் சும்மா உக்காருங்க.”

அவர் போய் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். சின்ன விளக்குகள் முன்னைவிட மங்கலாக இருந்தன. இன்னொரு தடவை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. எதிரே மண்பாதையும் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. கிளட்ச்சை மிதித்தார், கியரைப் போட்டார்.

கார் நகர்ந்தது.

இப்போது கண்ணாடியையும் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வீங்கின உதட்டோடு தலையைக் குனிந்து தள்ளுகிற தங்கையைப் பார்த்தார். மூச்சிரைப்பைக் கேட்டார். முருகா முருகா என்பதையும் கேட்டார். உடம்பெல்லாம் கூசியது. யாரோ நாலு பேர் நடுவில் தன்னை உட்கார வைத்துக் குளிப்பாட்டுவது போல இருந்தது.

கால் துடித்தது. விட்டுவிடு, விட்டுவிடு என்றது.

அவர் விடவில்லை.

வேலிக்கால்கள் பின்னால் ஓடத் தொடங்கின. சக்கரத்தின் சத்தம் மாறியது. தார் ரோடு கிட்டத்தில் வந்தது. அவர்கள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் உட்கார்ந்துகொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

“இப்ப” என்று அவருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு காலை எடுத்தார்.

கார் குலுங்கியது. முக்கியது. பிடித்துக்கொண்டது.

கிளட்ச்சை மிதித்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். என்ஜின் உறுமியது. தார் ரோட்டின் ஓரத்தில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தினார்.

கண்ணாடியில் பார்த்தால், சென்னியப்பன் மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மயிலாத்தாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இறங்கிப் போய் அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது நாச்சிமுத்துவுக்கு. வண்டி நின்றால் கை தானாகச் சாவிக்குப் போகும், அது பழக்கம். இப்போதும் போய்விட்டது. சாவியைத் தொட்ட பிறகுதான் நினைவு வந்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மயிலாத்தாள் தூரத்திலிருந்தே போங்க என்று கையை வீசினார். அவ்வளவுதான். திரும்பி மடத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

பூவாத்தாள் ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினாள். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

“டாக்டருகிட்டச் சரின்னு சொல்லிரலாம் பூவா” என்றார் நாச்சிமுத்து.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். நம்பவில்லை.

“சரின்னு சொல்லிரலாம். ஆனா, இதுக்கு நான் உனக்கு என்னத்தத் திருப்பிக் குடுப்பேன்?”

“மொதல்ல வண்டிய எடுங்கண்ணா” என்றாள் பூவாத்தாள். “நின்னுரப் போவுது.”